திருநந்தவனமும் 'எனது' என்னும் களையும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது, அடியார்களின் கண்கள் முதலில் திருமுகமண்டலத்தையும், அடுத்துத் திருமார்பில் அசைந்தாடும் மாலைகளையும் நாடுகின்றன. பொன்னாலும் மணியாலும் ஆகிய திருவாபரணங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டகத்தில் இருந்து வருபவை. மாலையோ அத்தகையதன்று. நேற்று அது செடியில் அரும்பாக இருந்தது. இன்று நாரில் ஏறித் திருமேனியை அடைந்தது. நாளை நிர்மாலியமாகக் களையப்படும். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் இருள் பிரியுமுன் எழுந்து, நீராடி, பறித்து, தொடுத்துக் கொணர்ந்தாலன்றி அந்த மாலை இல்லை.

அந்த 'யாரோ ஒருவர்' உள்ளத்தில் எழக்கூடிய நுட்பமான வினா ஒன்று உண்டு. குழி தோண்டியவர் அவர். குடம் சுமந்தவர் அவர். கோடையிலும் மழையிலும் செடியைக் காத்தவரும் அவரே. அவ்வாறாயின், அந்த மலரின்மீது அவருக்கு ஏதேனும் உரிமை உண்டா? உண்டு எனில், தமது பொருளை இறைவனுக்கு ஈயும் வள்ளலாக அவர் ஆகிவிடுகிறார். இல்லை எனில், இத்தனை பாடும் எதற்காக? சிறிய வினாவாகத் தோன்றினும், அறநெறியின் ஆணிவேரைத் தொடும் வினா இது.

மலர்த் தொண்டின் மரபு

வைணவத்தில் பூந்தோட்டப் பணி தாழ்ந்த பணியாக என்றுமே எண்ணப்பட்டதில்லை. ஆழ்வார்களுள் இருவர் நந்தவனம் வைத்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குத் திருமாலை கட்டிய பெரியாழ்வார் ஒருவர். திருமண்டங்குடியில் அவதரித்து, திருவரங்கத்தில் தோட்டமிட்டு வாழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார் மற்றொருவர். பின்னவருடைய திருவுருவம் இன்றும் பூக்குடலையோடுதான் சேவை சாதிக்கிறது. பாண்டியன் அவையில் பரத்துவத்தை நிலைநாட்டி, பொற்கிழி பெற்று, யானைமீது நகர்வலம் வந்த பெரியாழ்வாரும் அந்தப் பெருமைக்குப் பின்னர்த் தம் தோட்டத்திற்கே மீண்டார் என்பது நினைக்கத்தக்கது.

கண்ணனும் பலராமனும் வடமதுரையில் நுழைந்தபோது மாலைகட்டுபவன் ஒருவனுடைய இல்லத்திற்குத் தாமாகவே சென்றனர். பாகவதம் அவனுக்குச் சுதாமன் என்று பெயர் கூறும். அவன் விலை பேசவில்லை. தன்னிடமிருந்தவற்றுள் சிறந்ததை எடுத்துச் சூட்டினான். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அன்போடு தருவோரிடம் தான் ஏற்றுக்கொள்வதாகக் கண்ணன் கூறுபவை இலை, மலர், கனி, நீர் என்னும் நான்குமே. நான்கும் ஒரு சிறு தோட்டத்திற்குள் அடங்குபவை அன்றோ!

தோட்டம் வைக்க இயலாதவர்க்கும் இம்மரபில் இடமுண்டு. குறும்பறுத்த நம்பி என்னும் குயவர், வனைதொழிலுக்கிடையே தோட்டப் பணிக்கு ஓய்வின்றி, கையில் ஒட்டியிருந்த மண்ணாலேயே மலர் செய்து திருவேங்கடமுடையானுக்குச் சாத்தினார் என்றும், தொண்டைமான் சாத்திய பொன்மலர்களினும் அம்மண்மலர்களையே பெருமான் உகந்தான் என்றும் பெரியோர் கூறுவர். ஆகவே மலரின் விலையோ தோட்டத்தின் பரப்போ இங்குக் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வருவது எது என்பதே அறியவேண்டுவது.

சிறு நந்தவனம் அமைக்கும் முறை

வீட்டின் பின்புறத்தில் 2 சென்ட் நிலம், அதாவது ஏறத்தாழ 870 சதுர அடி, இருந்தால் ஒரு சந்நிதிக்கு நாள்தோறும் ஒரு மாலையேனும் தரத்தக்க நந்தவனம் அமைக்கலாம். மண்வெட்டியை எடுக்கும் முன்பு சில நாட்கள் வெயில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துவரல் வேண்டும். தமிழகத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் ஞாயிறு தெற்கே சாய்ந்திருக்கும். ஆதலால் மரமாக வளர்வதை வடபுறத்தில் வைப்பதே முறை. அப்போது அதன் நிழல் ஏனைய செடிகளை மூடாது. இரண்டு சென்ட் நிலத்திற்கு மகிழோ செண்பகமோ ஒரு மரம் போதும்.

மல்லிகைக்கு முழு வெயில் வேண்டும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை நான்கு அடி இடைவெளியில் எடுத்து, சில நாட்கள் ஆறவிட்டு, மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் இட்டு நிரப்பி, மழை தொடங்கிய பின் நாற்றுகளை நட வேண்டும். இவ்வாறு பன்னிரண்டு செடிகள் 200 சதுர அடிக்குள் அடங்கும். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, குண்டுமல்லியைக் கவாத்துச் செய்ய வேண்டும். பசுமையாக நிற்கும் கிளைகளை வெட்டப் புதியவர்களுக்கு மனம் வராது. வெட்டாத செடியோ தழையாய் வளருமே அன்றி மார்ச்சு மாதம் தொடங்கும் பூப்பருவத்தில் நிறையப் பூக்காது.

அரளியை வேலியின் உட்புறத்தில் வைக்கலாம். அதன் இலையும் தண்டும் நஞ்சாதலால் ஆடுமாடுகளின் வாய்க்கும் குழந்தைகளின் கைக்கும் எட்டாதவாறு வைத்தல் இன்றியமையாதது. நந்தியாவட்டை சிறிது நிழலிலும் பூக்கும். திருத்துழாய்க்குக் காலை வெயில் படும் கிழக்குப் பாத்தி நன்று. அதன் கதிர்களை நுனியில் கிள்ளிவந்தால் இலை செழிக்கும். விதைக்கென்று சில கதிர்களை விட்டுவைத்தால் மறு தலைமுறை தானே முளைக்கும். துவாதசியன்று துழாய் பறிப்பதில்லை என்பது மரபு. ஆகவே முதல்நாளே கொய்து வைப்பர்.

பவழமல்லிக்குத் தனியிடம் தரல் வேண்டும். இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது அது. தரையில் வீழ்ந்த பூவை வழிபாட்டிற்குக் கொள்ளாத மரபு, பவழமல்லிக்கு மட்டும் விலக்களிக்கிறது. அதனடியைப் பெருக்கி மெழுகியோ தூய துணி விரித்தோ வைக்கவேண்டும். பாத்திகளுக்கு இடையே இடுப்பில் குடம் வைத்து நடப்பவர் செடியில் இடிபடாதபடி இரண்டரை அடி நடைவழி விடுக. குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வரும் நீர் வாழைக்குச் செல்லலாம். பெருமானுக்குரிய செடிகளுக்குக் கிணற்று நீரே தகும்.

இவ்வளவும் செய்து முடித்த பின்னர், நட்டவர் எதிர்பாராத ஒன்று நிகழ்கிறது. மாலையில் மலரவேண்டிய மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகவே கொய்துவிட வேண்டும். அது மலர்வது சந்நிதியில். எனவே நன்கு பேணப்படும் நந்தவனத்தில் பொழுது விடிந்தபின் மல்லிகையைக் காண்பது அரிது. வழியே போகிறவர், 'இத்தனை செடியிருந்தும் பூவைக் காணோமே' என்பர். அழகுக்கென வைத்த தோட்டம் உடையவனுக்குக் காட்சி தருகிறது. நந்தவனமோ தன்னை நட்டவனுக்குப் பெரும்பாலும் வெறும் பச்சையையே காட்டி நிற்கிறது. பறிக்கும்போது முகர்ந்து பார்த்தலும் ஆகாது என்பது விதி. கண்ணுக்கும் மூக்குக்கும் உரிய இன்பத்தை முன்னதாகவே விட்டுவிடுமாறு அமைந்த தோட்டம் இது.

களை முளைக்கும் இடம்

கண்ணின்பமும் மூக்கின்பமும் விட்டவர் உள்ளத்தில் அதனினும் நுண்ணிய இன்பம் ஒன்று தங்கிவிடக் கூடும். ஓர் ஊரில் அடுத்தடுத்த வீட்டார் இருவர், பெருமானுக்கு மாலை கட்டுகின்றனர் என்று கொள்வோம். இருவரும் நல்லவர், இருவரும் பக்தர். ஒருநாள் அர்ச்சகர் ஒருவருடைய மாலையை மூலவருக்குச் சாத்தி, மற்றவருடையதைத் தூணில் சாத்திவிடுகிறார். அதில் அர்ச்சகரின் பிழை ஒன்றுமில்லை. முதலில் கைக்கு வந்ததை முதலில் சாத்தினார். ஆயினும் மற்றவர் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம், 'அவர் மல்லிகை நேற்றே பறித்ததாயிற்றே. என்னுடையது இன்று பறித்ததன்றோ' என்று உள்ளம் கணக்கிடுகிறது.

அந்தச் சுருக்கென்ற வலி எதைக் காட்டுகிறது? பெருமானுக்கு ஏதேனும் குறை நேர்ந்ததா எனில், இல்லை. அவன் திருமேனியில் மாலை இருந்தது, மணமும் இருந்தது. குறை நேர்ந்தது 'என்னுடைய' என்னும் சொல்லுக்கு மட்டுமே. கொடுத்துவிட்டதாக அவர் எண்ணிய மலரின் நார், இன்னும் அவர் விரலிலேயே சுற்றியிருந்தது என்பது அன்று வெளிப்பட்டது.

ஆசாரியர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். கைங்கரியத்திலும் களை உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை. பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில், தொண்டைத் தனக்கென்று செய்வதே அத்தொண்டில் முளைக்கும் களை என்று காட்டுகிறார். பாவத்தைக் களை என்றால் வியப்பில்லை. பணத்தாசையைக் களை என்றாலும் எவரும் உடன்படுவர். தொண்டின் நடுவிலேயே, தொண்டையே உரமாகக் கொண்டு வளரும் ஒன்றைக் களை என்று பெயரிட்டதுதான் அவர்தம் நுண்மை. களை தரிசில் தெரிவதில்லை. நீரும் எருவும் இட்ட பாத்தியில்தான் செழிக்கிறது. தோட்டம் வைத்தவர் ஒவ்வொருவரும் இதனைத் தம் முதுகு வலியால் அறிவர்.

கடப்பாரையும் கட்டுண்ட தேவியும்

இவ்வுண்மைக்கு மிகப் பெரியதொரு சான்று திருமலையில் இருக்கிறது. இராமானுசர் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தபோது, திருவேங்கடத்து மலர்களைப் பற்றிய இடம் வந்தது. குளிரும் தனிமையும் மிக்க அம்மலையில் தங்கிப் பெருமானுக்கு மலர்த்தொண்டு செய்ய வல்லார் யார் என்று அவர் வினவினார். அவையில் அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். இராமானுசர் மகிழ்ந்து அவரை ஆண்பிள்ளை என்று கொண்டாடினார். அனந்தாழ்வான் திருமலை சென்று, தம் ஆசாரியன் திருப்பெயராலேயே நந்தவனமும் ஏரியும் அமைத்தார். தாம் வெட்டிய ஏரிக்குத் தம் பெயரிடாமையே அவருடைய தூய்மைக்குச் சான்று.

ஏரி வெட்டிய நாளில், கருவுற்றிருந்த அவர் மனைவியார் மண்கூடை சுமந்தார். சிறுவன் ஒருவன் வந்து தானும் சுமப்பதாகக் கூறினான். ஆசாரியன் இட்ட பணியில் பிறருக்குப் பங்கில்லை என்று அனந்தாழ்வான் மறுத்தார். சிறுவனோ அவர் அறியாமல் அம்மையாருக்கு உதவினான். கண்டு சினந்த அனந்தாழ்வான் கையிலிருந்த கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். பின்னர்ச் சந்நிதியில் பெருமானின் மோவாயிலிருந்து குருதி வடிவதைக் கண்டு அவர் நடுங்கினார். அங்கே அன்று பச்சைக் கற்பூரம் சாத்தப்பட்டது. இன்றும் சாத்தப்பட்டு வருகிறது. அக்கடப்பாரை மகாத்துவாரத்துச் சுவரில் காணத் தொங்குகிறது.

அதே தோட்டத்தில் வேறொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. இரவில் இருவர் வந்து மலர் பறிப்பதை அறிந்த அனந்தாழ்வான், காத்திருந்து பெண்ணைப் பிடித்து மரத்தில் கட்டினார்; ஆடவன் தப்பி, கோயிலை இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான். கட்டுண்டவள் பிராட்டியே என்பதும், ஓடியவன் பெருமானே என்பதும் விடிந்தபின் தெரிந்தன. பிரம்மோற்சவம் நிறைவுற்ற மறுநாள் நடைபெறும் பாக் சவாரி என்னும் உற்சவம் அதனை நினைவூட்டுகிறது.

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்றில், எவனுக்காக ஏரி வெட்டப்பட்டதோ அவனையே வேலைக்கு வேண்டா என்று விரட்டினார். மற்றொன்றில், எவர்களுக்காக மலர் வளர்க்கப்பட்டதோ அவர்களையே திருடர் என்று பிடித்தார். அனந்தாழ்வானின் பக்தியில் ஐயம் கொள்வார் எவருமிலர். பாம்பு தீண்டியபோதும் மருந்து நாடாமல், பிழைத்தால் இங்கே தொண்டு, பிழையாவிடில் பரமபதத்தில் தொண்டு என்று இருந்தவர் அவர். அத்தகையவர் கையிலும், பணியின்மீது கொண்ட பற்று ஒரு கணம் பணிகொள்வோனை மறைத்தது என்றால், மற்றையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

பெருமான் அவரைத் தண்டிக்கவில்லை. வடுவைத் தானே ஏற்றுக்கொண்டான். கடப்பாரையை மறைத்துவைக்காமல் வாயிலிலேயே வைத்த முன்னோரின் கருத்தும் நோக்கத்தக்கது. அடியாரின் உறைப்பையும் பெருமானின் எளிமையையும் அது ஒருங்கே காட்டுகிறது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும், 'தொண்டில் உன் கை எதைப் பிடித்திருக்கிறது?' என்று கேட்கவும் செய்கிறது.

சூடிக் கொடுத்த மாலை

பெரியாழ்வாருக்கு இதே பாடம் வேறு வழியாக வந்தது. திருத்துழாய்ப் பாத்தியில் அவர் நடாத ஒன்று கிடைத்தது. ஆடிப்பூரத்தன்று கண்டெடுத்த அக்குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். அவளோ பெருமானுக்கென்று கட்டிய மாலையைத் தான் முதலில் சூடி, அவனுக்கு ஏற்றவளாக இருக்கிறோமா என்று பார்த்துவந்தாள். கண்டறிந்த ஆழ்வார் மனம் பதறி, அன்று மாலை சாத்தாமல் நின்றார். முகர்ந்த மலரே ஆகாதெனில் சூடிய மலர் எவ்வாறு ஆகும்? விதியின்படி அவர் செய்தது சரியே. ஆனால் பெருமானோ அவள் சூடிய மாலையே தனக்கு உகந்தது என்றான்.

விதி பொய்யாகிவிட்டதா? இல்லை. முகரலாகாது என்ற விதி, 'எனது இன்பம்' என்னும் களையை அறுக்க வந்தது. அக்களையே இல்லாத ஓர் உள்ளத்தில் அவ்விதிக்கு வேலை இல்லாமற்போயிற்று. கோதை மாலை சூடியது தன்னை அழகுபார்க்க அன்று. தன்னையும் மாலையோடு சேர்த்துத் தருவதற்கு. மலரைத் தந்து தன்னை வைத்துக்கொள்பவர்க்கே விதி வேண்டும்.

பாடம் அத்துடன் முடியவில்லை. தாம் நடாமல் பெற்றதைத் தாம் வளர்த்தபின் ஆழ்வார் திருவரங்கனுக்கே கொடுக்க நேர்ந்தது. மகளைப் பிரிந்த தாயின் நிலையில் நின்று அவர் பாடிய பாசுரங்களும் உள்ளன. பெற்றோரும் தோட்டக்காரரும் இவ்வகையில் ஒருவரே. இருவரும் நீர் ஊற்றலாம். வளர்ச்சியை ஊற்ற இயலாது. பருவம் வந்தபோது கை திறக்க வேண்டும். கை திறக்கும்போது நெஞ்சு வலிக்காது என்று ஆழ்வாரே கூறவில்லை என்பது, வலியுறுவோர்க்கு ஆறுதலாகும்.

எனதன்று எனில் வேலி எதற்கு?

இங்கே ஒரு தடை எழலாம். 'யாவும் அவனுடையவை, எனதென்று ஒன்றுமில்லை எனில், காட்டில் பூப்பனவும் அவனுடையவையே. நந்தவனம் எதற்கு? ஆடு மேய்ந்தால் அதுவும் அவன் திருவுள்ளம் என்று இருந்துவிடலாமே, வேலி எதற்கு?' என்பது அத்தடை. சொல்வதற்கு எளியது, நீர் ஊற்றாமல் துழாயை வாடவிட்டவர் பலர் இதனைச் சொல்லியும் இருக்கின்றனர்.

இதற்கு விடை நந்திக்கிராமத்தில் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் பரதன் ஆண்ட நாடு அவனுடையதன்று. அரியணையில் திருவடிநிலைகளே இருந்தன. தனதன்று என்பதற்காக அவன் அயோத்தியை வாடவிடவில்லை. இராமபிரான் மீண்டபோது கருவூலமும் களஞ்சியமும் நகரமும் படையும் பதின்மடங்கு பெருகியிருப்பதைக் காட்டி ஒப்படைத்தான்; அப்பெருக்கமும் இராமனுடைய தேசினால் விளைந்தது என்றான். இதனை வான்மீகி கூறுகிறார். தன் பொருளைப் பெருக்குவோர் உலகில் பலர். பிறர் பொருள் என்று அறிந்தே பதின்மடங்கு பெருக்கி, ஒப்படைக்கும் நாளில் ஒரு காசளவும் ஏக்கமின்றி நின்றவன் பரதன்.

ஆகவே 'எனதன்று' என்னும் அறிவு சோம்பலுக்குத் துணை நிற்பதில்லை. தன் செடி எனில் ஒருநாள் நீர் மறந்தால் நட்டம் தனக்கே. பெருமானுடைய செடியை ஒருநாள் மறந்தால் அது ஒப்படைத்தவனுக்குச் செய்த துரோகம். வேலியும் அவ்வாறே. வேலி போடுவது காவற்காரனின் கடமை. வேலிக்குள்ளே நின்று, 'இது என் ஆட்சி' என்று மார்தட்டுவதே களை. ஆட்டை விரட்டும்போது இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அண்டைவீட்டுக் குழந்தை ஒரு பூவைக் கிள்ளும்போது தெரிந்துவிடும். காவற்காரன் குழந்தைக்கு எப்பூவைக் கிள்ளலாம் என்று கற்றுத்தருவான். உடைமைக்காரன் அதன் கையில் அடிப்பான்.

கண்ணன் விண்ணுலகிலிருந்து கொணர்ந்த பாரிசாதத்தைச் சத்தியபாமையின் தோட்டத்தில் நட்டான் என்பது புராணம். மரம் பாமையின் தோட்டத்தில் நின்றாலும், மலர் உருக்குமிணியின் முற்றத்தில் உதிர்ந்தது என்பது மக்கள் வழங்கும் கதை. மதிலை ஒட்டிப் பவழமல்லி வைத்திருப்போர் இக்கதையை விடியல்தோறும் கண்ணால் காணலாம். பாதி மலர் அடுத்த வீட்டில் விழுகிறது. அதைக் கண்டு மகிழ முடியுமானால் நட்டவருடைய பாத்தி தூய்மையாக இருக்கிறது என்று பொருள்.

அன்பும் உரிமையும்

இன்னுமொரு தடை எஞ்சியிருக்கிறது, முன்னதினும் கடினமானது. 'பற்றே கூடாது எனில் பங்குனி வெயிலில் யார் குடம் சுமப்பார்? தான் நட்ட செடி என்ற அன்பு இருந்தால்தானே அது வாடும்போது மனம் வாடும்? அவ்வன்பையும் களை என்று பிடுங்கினால் தோட்டமே பாலையாகும் அன்றோ?'

இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. ஆசாரியர்களும் அன்பைப் பிடுங்கச் சொல்லவில்லை. கைங்கரியம் அன்பின் பெருக்கால் வருவது என்பதே அவர்கள் கொள்கை. மகிழ்ச்சியும் விலக்கப்படவில்லை. அம்மகிழ்ச்சி எதன்மேல் நிற்கிறது என்பதே கேள்வி. பெருமான் உகந்தான், அதனைக் கண்டு தொண்டன் மகிழ்ந்தான் எனில் அது பயிர். தொண்டன் மகிழ்வதற்குப் பெருமான் ஒரு காரணமாக நிறுத்தப்பட்டான் எனில் அது களை. முளைக்கும் பருவத்தில் பயிரும் களையும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் பழகிய கண் வேண்டும். விரைந்து பிடுங்குபவர் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்.

கண் பழகுவதற்கு எளியதொரு சோதனை உண்டு. தன் மல்லிகையினும் நன்றாகப் பூத்த மல்லிகை வேறொருவர் கையிலிருந்து பெருமானை அடையும்போது, தன் உள்ளம் என்ன செய்கிறது என்று பார்ப்பதே அது. மலர்ந்தால் பயிர், சுருங்கினால் களை. சுருங்கியதற்காகத் தோட்டத்தை விட்டு ஓடவேண்டுவதில்லை. அன்றைய களை அன்றைக்குத் தெரிந்துவிட்டது என்பதே பேறு. மறுநாள் மீண்டும் முளைக்கும், மறுநாளும் குனியவேண்டும். ஒரே நாளில் களையெல்லாம் எடுத்து ஓய்ந்த தோட்டக்காரர் எவருமிலர்.

இறுதியில் மற்றொரு சோதனையும் வரும். முதுமையில் குடம் தூக்க இயலாத நாள் வரும். பிள்ளைகள் வேறூர் சென்றிருப்பர். மனை கைமாறும், புதிதாக வந்தவர் பாத்தியைக் கல்பாவி மூடவும் கூடும். நாற்பது ஆண்டு உழைப்பு வீணாயிற்றே என்று உள்ளம் கலங்கும். ஆனால் எது வீணாயிற்று? நாள்தோறும் கொய்த மலர் நாள்தோறும் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்றைய மலரைச் சேர்த்துவைக்கும் நந்தவனம் எங்குமில்லை. தங்கிய செல்வமே வீணாகக் கூடும்; தங்காதது வீணாவதில்லை.

விதையிலிருந்து வளர்ந்து மகிழ் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். முதுமையில் மகிழங்கன்று நடுபவர் அதன் மலரைத் தாம் கொய்ய எண்ணி நடுவதில்லை. 'என் கையால் சாத்தவேண்டும்' என்ற எண்ணமும் அற்று, 'அவனுக்குச் சாத்தப்படட்டும்' என்பது மட்டும் எஞ்சும்போது கன்று நடப்படுகிறது. அனந்தாழ்வான் தம் இறுதிக்குப் பின்னும் தம் தோட்டத்திலேயே மகிழமரமாக நிற்கிறார் என்பது நம்பிக்கை. ஆடிப்பூரத்தன்று மலையப்ப சுவாமி நாச்சிமார்களோடு புரசைவாரித் தோட்டத்திற்கு எழுந்தருளி, அம்மகிழுக்கு மாலையும் சடாரியும் அருளுகிறான். பணியில் பங்கு கேட்டு வந்த சிறுவனை விரட்டியவரிடத்திற்கு, அப்பெருமானே ஆண்டுதோறும் மாலையோடு வருகிறான்.

திருவிழா கண்டு இல்லம் திரும்பும் அடியார்கள், இயலுமாயின் ஒரு துளசிக் கன்றையேனும் கொண்டு சென்று நடுவார்களாக. நிலமில்லாதவர்க்கு ஒரு மண்தொட்டியே நந்தவனம். நட்ட நாள் முதல் இரண்டு பாத்திகளைப் பேணவேண்டியிருக்கும்: ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றொன்று தெரியாதது. முன்னதில் களையெடுக்கக் குனியும்போதெல்லாம் பின்னதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் அடியார்களின் திருமாலைகளை எம்பெருமான் திருவுள்ளம் உகந்து ஏற்றருள்வானாக.